மருந்தாளுநர்: விற்பவரா, காப்பவரா?

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டு சொற்களே நம் வீடுகளில் உரக்க ஒலிக்கின்றன. நீட் தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் கிடைக்காத மாணவர், 'அப்படியானால் பி.ஃபார்ம். சேரலாமா?' என்று கேட்கும்போது, அக்கேள்வியில் ஆர்வத்தைவிட ஏமாற்றமே மிகுந்திருக்கிறது. மயிலாப்பூர், அடையாறு பகுதிகளில் எனக்குத் தெரிந்த பெற்றோர் சிலர் ஆண்டுதோறும் இக்கேள்வியை என்னிடமும் கேட்கின்றனர். நான் மருந்தியல் படித்தவன் அல்லன். பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும், ஒரு தொழிலால் சமூகத்துக்குக் கிடைக்கும் பயன் என்ன, அப்பயனுக்கான ஊதியம் எங்கிருந்து வருகிறது என்பவை பொருளியல் எழுப்பும் கேள்விகளே. அவற்றின் வழியாக மருந்தாளுநர் பணியை மாணவர்களுக்கு அறிமுகம் செய்வது பயன்தரும் என்று கருதுகிறேன்.

நோய் தீர்ப்பதற்கு மருத்துவரும் மருந்தும் இருந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். திருக்குறளின் 'மருந்து' அதிகாரமோ நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூவகையோடு, அம்மருந்தைப் பிழையின்றி இயற்றித் தருபவரையும் சேர்த்து நான்கு எனக் கணக்கிடுகிறது. அந்த நான்காமவரைத்தான் நாம் மறந்துவிட்டோம். 13-ஆம் நூற்றாண்டில் சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெடெரிக் மன்னர், மருத்துவரும் மருந்து தயாரிப்பவரும் வணிகக் கூட்டு வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் இயற்றினார். மருந்தை எழுதுபவருக்கு அதன் விற்பனையில் ஆதாயம் இருக்கலாகாது. எழுதியதைச் சரிபார்க்கத் தனியே ஒருவர் வேண்டும் என்பதே அதன் உட்பொருள். மருந்தாளுநர் தொழிலின் வேர் இதுதான்.

இந்தியாவில் இத்தொழிலுக்குச் சட்ட வடிவம் கிடைத்தது மிகப் பிற்காலத்தில்தான். போலி மருந்துகளும் தரமற்ற மருந்துகளும் பெருகியதால், கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் 1930-இல் மருந்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகளின் தொடர்ச்சியாக 1940-இல் மருந்துகள் சட்டமும், 1948-இல் மருந்தியல் சட்டமும் வந்தன. இதற்கிடையே 1932-இல் மகாதேவ லால் ஷ்ராஃப் முயற்சியால் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பட்டக் கல்விக்கு அடித்தளம் இடப்பட்டது. மருத்துவரின் அறையில் கலவை மருந்தைக் கலக்கித் தந்த 'கம்பவுண்டர்' காலம் அத்துடன் முடிவுக்கு வந்திருக்க வேண்டும். மருத்துவர் எழுதித் தரும் மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரைத் தவிர வேறு எவரும் வழங்கக் கூடாது என்கிறது 1948 சட்டத்தின் 42-ஆவது பிரிவு.

தென்சென்னைக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. மயிலாப்பூரில் வி. கிருஷ்ணசாமி ஐயர் 1905-இல் வெங்கடரமணா ஆயுர்வேத மருந்தகத்தைத் தொடங்கினார். சித்த, ஆயுர்வேத, யுனானி மருத்துவர்கள் 1944-இல் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு கூட்டுறவு மருந்து நிறுவனத்தையே உருவாக்கினர். அடையாறிலிருந்து திருவான்மியூர் செல்லும் சாலையில் 'இம்காப்ஸ்' என்ற பெயரில் இன்றும் அது இயங்குகிறது. மருத்துவர் எவ்வளவு திறமை மிக்கவராக இருந்தாலும், நம்பத்தக்க மருந்து கைக்கு வராவிட்டால் அவருடைய அறிவு பயன்படாது என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர்.

மருந்தாளுநர் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு நாம் வெகு தொலைவு செல்ல வேண்டியதில்லை. 2025-ஆம் ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தனர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட 'கோல்ட்ரிஃப்' என்னும் இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வில் அதில் 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைக்கால் இருந்தது கண்டறியப்பட்டது. தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் நச்சுத் திரவம் அது.

இந்த நச்சு புதியதன்று. 1937-இல் அமெரிக்காவில் இதே திரவத்தில் கரைத்து விற்கப்பட்ட மருந்தால் 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சந்தைக்கு வருமுன் மருந்தின் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் மறு ஆண்டே அங்கு வந்தது. 1972-இல் நம் சென்னையிலேயே 14 குழந்தைகள் இந்த நச்சுக்குப் பலியாயினர். ஒரே பிழை ஒரு நூற்றாண்டுக் காலமாகத் திரும்பத் திரும்ப நிகழ்கிறது என்றால், அறிவியலில் குறையில்லை. அறிந்ததை உரிய இடத்தில் நின்று செயல்படுத்துவோர் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

அந்த உரிய இடங்கள் மூன்று. மருந்தியல் படிக்கும் மாணவர் பணியாற்றக்கூடிய மூன்று களங்களும் அவையே.

முதலாவது, தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகம். இருமல் மருந்தில் சேர்க்கப்படும் புரோப்பிலீன் கிளைக்கால் பீப்பாயில் வந்து இறங்கும்போது, அதில் டைஎதிலீன் கிளைக்கால் கலந்திருக்கிறதா என்று சோதிக்க மருந்தியல் நூல்களில் வழிமுறை உண்டு. அதைச் செய்து, 'இந்தப் பீப்பாயைத் திருப்பி அனுப்புங்கள்' என்று முதலாளியிடம் சொல்ல வேண்டியவர் அந்த ஆய்வகத்தில் கையெழுத்திடும் மருந்தியல் அல்லது வேதியியல் பட்டதாரி.

இரண்டாவது, அரசின் கண்காணிப்பு. மருந்து ஆய்வாளர் பதவிக்கு அடிப்படைத் தகுதிகளுள் முதன்மையானது மருந்தியல் பட்டம். ஆலைகளையும் கடைகளையும் ஆய்வு செய்வது, மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது, வழக்குத் தொடுப்பது ஆகியவை அவருடைய கடமைகள். கோல்ட்ரிஃப் நிகழ்வில் தகவல் கிடைத்தவுடன் தமிழக அதிகாரிகள் விரைந்து மாதிரியெடுத்து முடிவை அறிவித்தனர். அந்த ஆலையை முன்பே முறையாகக் கண்காணித்திருந்தால் உயிர்கள் தப்பியிருக்குமே என்ற கேள்வியும் நியாயமானதே.

மூன்றாவது, நாம் அன்றாடம் பார்க்கும் மருந்துக்கடை. புட்டிக்குள் நச்சு இருப்பதைக் கடைக்காரர் கண்ணால் கண்டறிய இயலாது. ஆனால், அந்த மருந்தில் இருந்த குளோர்பெனிரமைன், பினைலெஃப்ரின் கூட்டை 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையை மேலுறையில் அச்சிட வேண்டும் என மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே ஆணையிட்டிருந்தது. உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள். 'குழந்தைக்கு என்ன வயது?' என்று கேட்டுவிட்டு, மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசும் ஒரு மருந்தாளுநர் ஒவ்வொரு கடையிலும் இருந்தால், இத்தகைய புட்டிகளில் சிலவேனும் கடையின் அலமாரியிலேயே நின்றுவிடும்.

கேள்வி கேட்பதுதான் மருந்தாளுநரின் கலை. முதியோர் மிகுந்த மயிலாப்பூரில் ஒரே மனிதருக்கு இதய மருத்துவர், நீரிழிவு மருத்துவர், எலும்பு மருத்துவர் என மூன்று பேர் தனித்தனியே மருந்துச் சீட்டு எழுதுகின்றனர். மூன்று சீட்டுகளும் ஒன்றுசேரும் இடம் மருந்துக்கடை மட்டுமே. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர் மூட்டு வலிக்கு வலிநிவாரணி வாங்கினால், உள்ளே ரத்தக் கசிவு ஏற்படக்கூடும். தைராய்டு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்கினால், முன்னதன் பயன் குறைகிறது. இரண்டுக்கும் இடையே 4 மணி நேரம் தேவை. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரையும் சளிக்கு வேறொரு மாத்திரையும் வாங்குபவருக்கு, இரண்டிலும் பாராசிட்டமால் இருப்பது பெயரைப் பார்த்தால் தெரியாது. முடக்குவாதத்துக்கு வாரம் ஒரு முறை மட்டும் உட்கொள்ள வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டை நாள்தோறும் உட்கொண்டு உயிரிழந்தவர்களைப் பற்றிய செய்திகள் உலக மருத்துவ இதழ்களில் நிறையவே பதிவாகியுள்ளன. 'வாரம் ஒன்று, இந்தக் கிழமையில் மட்டும்' என்று தமிழில் எழுதித் தரும் ஒரு வரி அங்கே உயிர் காக்கும்.

அப்படியானால், நம் கடைகளில் இக்கேள்விகள் ஏன் கேட்கப்படுவதில்லை? இங்குதான் என்னுடைய துறை உதவிக்கு வருகிறது.

மாடவீதியில் தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். தி.நகர் உஸ்மான் சாலையில் புடவையை விரித்து, கரையையும் நெசவையும் பார்த்து வாங்குகிறோம். மாத்திரையை அவ்வாறு சோதிக்க முடியுமா? விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் விலைப் போட்டி மட்டும் தரத்தைக் காப்பாற்றாது. மருத்துவச் சந்தையைப் பற்றி கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் மையக் கருத்து இதுதான். அத்தகைய சந்தையில் உரிமம், தொழில் நெறி, நம்பிக்கை ஆகியவையே தரத்துக்குப் பிணை. கடையின் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் பதிவுச் சான்றிதழுக்கு அர்த்தமும் அதுவே.

ஆனால், அந்தச் சான்றிதழுக்கு நாம் தரும் விலை என்ன? 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, உச்சவரம்பு விலை நிர்ணயிக்கப்பட்ட மருந்துகளில் சில்லறை விற்பனையாளரின் லாப அளவு, அவர் வாங்கும் விலையில் 16 சதவீதம். வரி நீங்கலாக 20 ரூபாய்க்கு விற்கும் ஓர் அட்டையில் அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 2 ரூபாய் 75 காசுகள். 10 நிமிடம் செலவிட்டு மருந்தை விளக்கினாலும் அதே 2 ரூபாய் 75 காசுதான். ஒரு சொல்லும் பேசாமல் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தாலும் அதேதான். 'இது உங்களுக்கு வேண்டாம்' என்று நேர்மையாகச் சொன்னால் அதுவும் இல்லை. விலை உயர்ந்த மருந்தை விற்றால் அதே சதவீதத்துக்கு அதிகப் பணம். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் அறிவுக்கு ஊதியம் இல்லை. விற்பனைக்கு மட்டுமே ஊதியம்.

சட்டமும் ஓரளவு அவருடைய கையைக் கட்டியிருக்கிறது. மருத்துவர் ஒரு வணிகப் பெயரை எழுதியிருந்தால், அதே மூலப்பொருள் கொண்ட விலை குறைந்த வேறு மருந்தைத் தர விதி 65 இடமளிப்பதில்லை. 2015-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் தொழில்நெறி ஒழுங்குமுறைகள் சீட்டைச் சரிபார்ப்பதும் நோயாளிக்கு ஆலோசனை கூறுவதும் மருந்தாளுநரின் கடமை என்கின்றன. அந்தக் கடமைக்கான கட்டணம் வாங்குபவர் பெறும் ரசீதில் இடம்பெறுவதே இல்லை.

ஊதியம் இல்லாத கடமை நாளடைவில் சடங்காகிவிடும். சான்றிதழ் வாடகை என்னும் முறைகேடு இதன் விளைவே. அடையாறில் நான் வழக்கமாகச் சென்றுவந்த ஒரு கடையில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த புகைப்படத்துக்குரியவரைப் பல ஆண்டுகளில் ஒரு நாளும் கண்டதில்லை. அங்கு மருந்து எடுத்துக் கொடுத்த இளைஞர் சுறுசுறுப்பானவர். எந்த அலமாரியில் எது இருக்கிறது என்பதை நன்கு அறிந்தவர். எதை எதனுடன் சேர்க்கக் கூடாது என்பதை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. மாதந்தோறும் ஒரு சிறு தொகைக்குத் தம் பெயரைக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குச் செல்லும் பட்டதாரி, தம் தொழிலின் ஊதியத்தைத் தாமே கீழிறக்குகிறார். வாடகைக்குச் சான்றிதழ் கிடைக்கும்போது, முழு ஊதியம் கொடுத்து ஆளை அமர்த்தக் கடை உரிமையாளர் ஏன் முன்வருவார்? மருந்தாளுநர்களின் குறைந்த ஊதியத்துக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இதன் விலையைச் சமூகம் வேறு வகையில் செலுத்துகிறது. வீரியமிக்க ஆன்டிபயாடிக் மருந்துகள், காசநோய் மருந்துகள் உள்ளிட்டவற்றுக்காக 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணை நடைமுறையில் உள்ளது. இவற்றை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நோயாளி, மருத்துவர் ஆகியோரின் விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கேட்டவுடன் இரண்டு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பழக்கத்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காத ஆற்றல் பெறுகின்றன. நாளை நம் பேரக் குழந்தைகளுக்கு நிமோனியா வந்தால் எந்த மருந்தும் வேலை செய்யாது என்ற நிலைக்கு நாம் இன்றே அடித்தளம் இடுகிறோம்.

ஏற்பாட்டை மாற்றினால் விளைவும் மாறும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. 1994-இல் தொடங்கப்பட்டு, எழும்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை வெளிப்படையான ஒப்பந்தப்புள்ளி மூலம் மொத்தமாக வாங்குகிறது. ஒவ்வொரு பேட்ச் மருந்திலிருந்தும் மாதிரி எடுக்கப்பட்டு, நிறுவனத்தின் பெயர் மறைக்கப்பட்டு, குறியீட்டு எண்ணுடன் ஆய்வகத்துக்குச் செல்கிறது. யாருடைய மருந்து என்று சோதிப்பவருக்குத் தெரியாது. சோதனையில் தேறிய பின்னரே மருந்து மருத்துவமனைகளை அடைகிறது. கேரளமும் ராஜஸ்தானும் இம்முறையைப் பின்பற்றித் தத்தம் கழகங்களை அமைத்தன. கொள்முதலில் நாம் சாதித்ததை, மருந்தை நோயாளியின் கையில் கொடுக்கும் கடைசி அடியில் இன்னும் சாதிக்கவில்லை.

அந்தக் கடைசி அடிக்கும் வழிகள் உண்டு. பிரிட்டனில் மருந்துக்கடைகள் சீட்டிலுள்ள ஒவ்வொரு மருந்தையும் வழங்குவதற்குத் தேசிய நலச் சேவையிடமிருந்து கட்டணம் பெறுகின்றன. 2024 ஜனவரி 31 முதல் இங்கிலாந்தில் தொண்டை வலி, பூச்சிக்கடி போன்ற 7 சிறு நோய்களுக்கு மருந்தாளுநரே ஆலோசனை வழங்கி, தேவைப்பட்டால் மருந்தும் கொடுக்கலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. ஜெர்மனியில் மருத்துவர் எழுதும் மருந்துகளுக்குப் பொட்டலம் ஒன்றுக்கு இவ்வளவு என்ற நிலையான தொகையே மருந்தாளுநர் வருவாயின் பெரும்பகுதி. மருந்தின் விலை எதுவாயினும் அவருடைய உழைப்புக்கு மதிப்பு ஒன்றே. நம் நாட்டிலும் லாப சதவீதத்தோடு, சிறிய அளவிலேனும் ஆலோசனைக் கட்டணம் ஒன்றை வரையறுக்க வேண்டும். அதைப் பெறுவதற்குப் பதிவு பெற்ற மருந்தாளுநர் நேரில் இருப்பது நிபந்தனையாக வேண்டும். அப்போது வாடகைச் சான்றிதழ் தானாகவே மதிப்பிழக்கும். முதியோரின் பையிலிருந்து இத்தொகையைப் பெறுவதைவிட, அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் ஏற்பதே முறை.

இனி, மாணவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். டி.ஃபார்ம். 2 ஆண்டுப் பட்டயப் படிப்பு. அதன்பின் 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி. கடையிலோ மருத்துவமனையிலோ மருந்தாளுநராகப் பணியாற்ற இது ஒரு வழி. பி.ஃபார்ம். 4 ஆண்டுப் பட்டம்; ஆலை, ஆய்வகம், மருந்து ஆய்வாளர் பணி, மேற்படிப்பு ஆகியவற்றுக்கு இது வாயில். 2008-இல் அறிமுகமான ஃபார்ம்.டி. 6 ஆண்டுகள், இறுதி ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி. நோயாளியின் படுக்கையருகே மருத்துவருடன் நின்று மருந்தின் அளவையும் வினையையும் கணிக்கும் பணிக்கு இது உரியது. புற்றுநோய் மருந்துகளில் அளவு சிறிதே கூடினாலும் ஆபத்து. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் தரப்படும் சிகிச்சைகளுக்கு இந்தக் கணிப்பு இன்றியமையாதது. தமிழ்நாட்டில் பி.ஃபார்ம். சேர்க்கைக்கு நீட் தேவையில்லை. பிளஸ் 2 மதிப்பெண்ணே அடிப்படை. சேருமுன் கல்லூரிக்கு இந்திய மருந்தியல் குழுமத்தின் ஒப்புதல் உள்ளதா, பயிற்சிக்கு உண்மையான மருத்துவமனை இணைப்பு உள்ளதா என்று நேரில் சென்று விசாரிப்பது நல்லது.

சொந்தமாகக் கடை வைக்க விரும்புவோருக்கு 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 கடைகளுடன் தொடங்கப்பட்ட 'முதல்வர் மருந்தகம்' திட்டம் ஒரு வாய்ப்பு. இதில் கூட்டுறவுச் சங்கங்களோடு, மருந்தியல் படித்த தொழில்முனைவோரும் 3 லட்சம் ரூபாய் அரசு மானியத்துடன் கடை நடத்தலாம். பிறருடைய கடையில் ஊதியத்துக்கு இருப்பவருக்கு 'இதை விற்க மாட்டேன்' என்று சொல்வது கடினம். தம் கடையில் அமர்ந்திருக்கும் மருந்தாளுநருக்கு அது எளிது. ஆகவே இந்தத் திட்டத்தை விலை மலிவுக்காக மட்டுமல்லாமல், தொழிலின் தன்மதிப்புக்காகவும் வரவேற்கிறேன்.

தொடக்க ஊதியத்தை மட்டும் பார்த்து இப்படிப்பைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாற்றமடையக்கூடும். வேதியியலில் ஆர்வம், நுணுக்கமான கவனம், கடினமான செய்தியை எளிய தமிழில் சொல்லும் திறன், தேவையானபோது மறுத்துரைக்கும் துணிவு ஆகியவை உள்ளவருக்கு இது பொருத்தமான துறை. மருத்துவக் கனவு கைகூடாததால் கிடைத்த ஆறுதல் பரிசாக இதை எண்ணிச் சேர்பவர், பட்டம் பெற்றபின் தம் சான்றிதழை வாடகைக்கு விடுபவராகவே மாறுவார்.

நுகர்வோராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. அடுத்த முறை மருந்து வாங்கச் செல்லும்போது, 'மருந்தாளுநர் இருக்கிறாரா? அவரிடம் பேச வேண்டும்' என்று கேட்போம். மருந்தால் ஒவ்வாமை ஏற்பட்டால் 1800-180-3024 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிப்போம். கேட்பவர் இருந்தால்தான் பதில் சொல்லத் தெரிந்தவருக்குக் கடையில் இடம் கிடைக்கும். அவருக்கு இடம் கிடைத்தால்தான் நம் பிள்ளைகள் இத்துறைக்கு விரும்பி வருவார்கள்.